பசித்த பூனைதான் கூண்டுக்குள் வரும்

அத்தியாயம் 12

வேலைக்குப் போன பாப்பா, பிரிக்காத சாப்பாட்டுப் பையோடு அம்மா வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. காரணம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி அரைத்துப் பொருத்துகிற வேலையைப் பாப்பா பத்து வருடமாகப் பார்த்துவந்தாள். ஒரு நாள் காலையில் கடைக்குப் போனால் முதலாளி திகைத்துப்போய்ப் பார்த்தார். "நேத்து உன் வீட்டுக்காரர் வந்து, இனிமே நீ வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரேம்மா!"

புருஷனுக்குச் சொந்த லாண்டரி. அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டார். வெளியே ஆள் தேடுவானேன், வீட்டிலேயே இருக்கிறாளே என்று லாண்டரிக்காரர் முடிவு பண்ணிவிட்டார்.

"அடிக்கலை, குடிக்கலை, வேற பொம்பளை சகவாசம் இல்லை. அப்புறம் என்னதான்டி குறை?" என்று அம்மா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னைக் கேக்கலையே" என்று பாப்பாவும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. பாப்பாவுக்கு வயது முப்பத்து நான்கு. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். பாப்பாவை யாரும் கேட்டுச் செய்வதில்லை. செய்து முடித்துவிட்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்பார்கள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் பயந்துதான் பாப்பா பூனை வேலையில் இறங்கினாள் என்று அண்ணி சொல்வாள். அதில் பாதி உண்மை.

மீதிப் பாதி, குடியிருப்பின் பின்பக்கம். நாலு மாடிக் கட்டடம். பின்னால் குப்பைத் தொட்டிகள், ஒரு தண்ணீர்க் குழாய், நீளமான மதில். மதில்மேல் பூனைகள். போன வருடம் நாலைந்தாக இருந்தவை இப்போது ஒரு கூட்டம். ராத்திரியெல்லாம் சண்டை. படிக்கட்டில் மூத்திர நாற்றம். மழை பெய்த மறுநாள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விறைத்துக் கிடக்கும் குட்டிகள். குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர், ஆள் வைத்து எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிவிடலாம் என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. பாப்பா மட்டும் எழுந்து நின்றாள்.

"இதுங்களை அள்ளிட்டா அடுத்த தெருப் பூனை வந்து உக்காந்துக்கும். குப்பைத்தொட்டி இங்கேயேதானே இருக்கப்போகுது? பிடிச்சு, ஆபரேஷன் பண்ணி, பிடிச்ச இடத்துலயே விட்டுட்டா குட்டி போடாது. கத்தாது. வெளிப் பூனையை உள்ளேயும் விடாது."

"பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா?" என்று பின்வரிசையில் சிரித்தார்கள்.

"சரிம்மா, மணியை நீயே கட்டு" என்றார் செயலாளர். "அடுத்த கூட்டம் வரைக்கும் பாக்கறேன். நடக்கலைன்னா சாக்குதான்."

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூண்டுகளைக் கடனாகக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தன்னால் ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு நாள்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த நாள் விடிந்துவிட்டது.

*

"பசிச்ச பூனைதான் கூண்டுக்குள்ள வரும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "முதல் நாள் சாயங்காலத்துலேர்ந்து யாரும் சோறு வெக்கக் கூடாது. வயிறு காலியா இருந்தாத்தான் மயக்க மருந்தும் நல்லபடியா வேலை செய்யும்."

பாப்பா வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு ராத்திரிதான், மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள் என்றாள். எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவள் அவளுடைய அம்மா.

இப்போது கூண்டுகள் மதிலோரம் வரிசையாக நிற்கின்றன. அடியில் பழைய செய்தித்தாள், மேலே கிழிந்த போர்வை, உள்ளே கடைசி மூலையில் டின் மீன். நடுவில் ஒரு மிதிப்பலகை. பூனை அதில் கால் வைத்தால் பின்னால் கதவு விழும்.

பூனைகள் மதில்மேல் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தன.

வெள்ளை மார்பும் கறுத்த உடம்பும் பெருத்த வயிறுமாக ஒரு கடுவன் உண்டு. கோட்டுப் போட்டது போல இருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் கீழே இறங்கி ஒவ்வொரு கூண்டாகப் பார்வையிட்டது. மூன்றாவது கூண்டின் வாசலில் முகர்ந்தது. கொட்டாவி விட்டது. திரும்பிப் போய்விட்டது.

மூக்கில் ஒரு பக்கமாகக் கறுப்புப் புள்ளி வைத்த சாம்பல் பெண்பூனை மூக்குத்தி. குடியிருப்பில் பாதிப் பூனைகள் அதன் வாரிசுகள். அது மதிலைவிட்டு இறங்கவே இல்லை.

அண்ணி இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். இன்றைக்குப் பாப்பாவுக்காக அரை நாள் லீவு.

"என்ன, ஒரு பேஷண்டையும் காணோம்?"

"புரியலை அண்ணி. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த மாதிரியே தெரியலையே இதுங்க."

அண்ணி பூனைகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்கு அடியில் எதுவோ மின்னியது. குனிந்து விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் காட்டினாள்.

மீன் செதில்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்துகொண்டிருந்தது.

*

அம்மா அடுப்பில் மும்முரமாக இருந்தாள். தட்டில் தடித்த மீன் துண்டுகள் மசாலா பூசிக் காத்திருந்தன.

"பூனைக்கு மீன் போட்டியாம்மா?"

"போடலையே."

"அப்போ கீழ செதில் எப்படி வந்தது?"

"கழுவின கழிவை எங்கேடி கொட்டுவேன்? வீடெல்லாம் நாறும். குழாயடியில கொட்டினேன். வாயில்லா ஜீவன், ரெண்டு வாய் தின்னுட்டுப் போகட்டுமே."

"ஒண்ணும் போடக் கூடாதுன்னு நேத்து அத்தனை தடவை சொன்னேனே!"

"சோறு வெக்கக் கூடாதுன்னுதானே சொன்னே? நான் சோறா வெச்சேன்? தலை, குடல், வால். அது குப்பை."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை நாள். விடிந்தும் விடியாத நேரம். அண்ணன் முட்டையைத் தவிர வேறு எதையும் காலையில் தொடமாட்டான். இத்தனை பெரிய மீன் யாருக்கு? அதுவும் நடுத்துண்டாகப் பார்த்து வாங்கிய மீன்?

நடுத்துண்டு மட்டும் சாப்பிடுகிற ஒருவரை அவளுக்குத் தெரியும்.

"அம்மா. பூனைங்களைக் கொண்டு போக வேன் சொல்லியிருக்கேன்னியே. யாரோட வேன்?"

அம்மா ஒரு துண்டை எண்ணெயில் போட்டாள். அது சடசடத்தது.

"மாப்பிள்ளையோடதுதான். ஊர்ல இருக்கிறவன்கிட்ட எல்லாம் கை ஏந்தணுமா? நம்ம வீட்டு வேன் இருக்கும்போது?"

"எனக்குச் சத்தியமாத் தெரியாது பாப்பா" என்றாள் அண்ணி அவசரமாக. "வேன் வரும்னு மட்டும்தான் அத்தை சொன்னாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாம்மா உனக்கு?"

"கேட்டா நீ வேண்டாம்பே."

"வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இருக்குல்ல?"

அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"நீ மட்டும்? அந்தப் பூனையைக் கேட்டுட்டா கூண்டு வெச்சே?"

பாப்பா ஜன்னல் வழியாகக் கீழே கூண்டுகளை எட்டிப் பார்த்தாள்.

"அதைப் பிடிச்ச இடத்துலயே கொண்டு வந்து விட்டுடுவேன்" என்றாள். "அது எங்க இருந்ததோ, அங்கேயே."

"நானும் அதையேதானே சொல்றேன்? எங்கேர்ந்து வந்தியோ அங்கேயே போய்ச் சேருன்னுதான் சொல்றேன். மதில்மேல் பூனையாட்டம் எத்தனை நாளைக்கு ஹால்ல உக்காந்திருப்பே?"

வாக்குவாதத்தில் அம்மாவை ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இதுவரை இல்லை. பாப்பா கீழே இறங்கிப் போனாள். போகிற வழியிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மீன் விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "ஒவ்வொரு தெருவிலும் ஒரு அம்மா இருப்பாங்க" என்றார். "விடியக்காலம் தின்னதுதானே? மத்தியானத்துக்கு மேல பண்ணிக்கலாம். ஆனா உச்சிக்குள்ள என் வாசல்ல கூண்டு இருக்கணும். பூனையோட."

*

வேன் வந்து நின்றது. லாண்டரிக்காரர் இறங்கினார். சவரம் செய்த முகம். கஞ்சி போட்ட சட்டை, மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

கூண்டுகளைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில்தான் மனைவியைப் பார்த்தார்.

"வரச் சொன்னியாமே?"

"நானா?"

"அத்தை சொன்னாங்க. பாப்பாதான் உங்க வேன் இருந்தா நல்லாயிருக்கும்னு சொன்னா, வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்படறா, வந்துடுங்கன்னு..."

பாப்பா இரண்டாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அம்மா இரண்டு பக்கமும் இரை வைத்திருக்கிறாள். வந்தவர் மிதிப்பலகையில் காலை வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

"நான் கூப்பிடலை" என்றாள்.

"ஓ."

அவர் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ நான் கிளம்பட்டுமா?"

கிளம்பச் சொல்லியிருப்பாள். ஆனால் இந்த நேரத்தில் வேறு வேனுக்கு எங்கே போவது? கிளம்பச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் சாக்கு. இருக்கச் சொன்னால் அம்மா ஜெயித்தாள். கூண்டுகள் காலியாகக் கிடக்கிற லட்சணத்தில் எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்றும் தோன்றியது.

"இருங்க. பூனைக்காக."

"புரியுது. பூனைக்காக" என்றார் அவர்.

அவர் வேனின் பின்கதவைத் திறந்தார். கூண்டுகளுக்கு இடம் பண்ணுவதற்காகத்தான். உள்ளே அப்போதுதான் உலர்த்தும் மிஷினிலிருந்து எடுத்த ஹோட்டல் துண்டுகள், வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக. அடுக்கிலிருந்து இளஞ்சூடு வெளியே வந்தது. காலைக் குளிரில் அது நின்றவர்கள் முகத்தில் பட்டது.

மதில்மேல் மூக்குத்தி தலையைத் தூக்கியது.

இறங்கியது. நடந்தது. யாரையும் மதிக்காமல் இரண்டு பேர் காலுக்கும் நடுவே புகுந்து, வேனுக்குள் ஒரே தாவு. மேல் அடுக்குத் துண்டை நாலு தடவை மிதித்துப் பதம் பார்த்தது. சுருண்டு படுத்தது.

"ஏய்! ஹோட்டல் துண்டு! மயிர் ஒட்டினா எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணும்!"

"கத்தாதீங்க!" என்று பாப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. அவள் யோசித்தது வேறு. வயிறு நிறைந்த பூனைக்கு மீன் எதற்கு? உண்ட மயக்கத்துக்கு அதற்கு வேண்டியது படுக்கை.

"எனக்கு இந்தத் துண்டெல்லாம் வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"கூண்டுல விரிக்க. சூடு ஆறறதுக்குள்ள."

லாண்டரிக்காரர் துண்டு அடுக்கைப் பார்த்தார். இன்று காலை ஹோட்டலில் கொடுத்தாக வேண்டிய துண்டுகள். கொடுக்காவிட்டால் அங்கே என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தலையைச் சொறிந்தார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கோ" என்றார்.

அண்ணியும் வந்து சேர்ந்தாள். டின் மீனை வெளியே எடுத்துவிட்டு, மிதிப்பலகைக்கு மேலேயே துண்டை மெத்தென்று விரித்தார்கள். போர்வையை இழுத்து மூடினார்கள். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் மூன்று பேரும் குந்தி உட்கார்ந்தார்கள். கஞ்சி போட்ட சட்டை உட்பட.

முதலில் மேனேஜர். போர்வைக்குள் தலையை விட்டது, தோளை விட்டது, வயிற்றை இழுத்துக்கொண்டு போனது. தடால்.

"மேனேஜரே சைன் பண்ணிட்டார்" என்றாள் அண்ணி. "இனி ஸ்டாஃப் எல்லாம் வரும்."

சொன்னபடியேதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடால். பிறகு இன்னொன்று. மூக்குத்தி மட்டும் வேனுக்குள் அசந்து தூங்கியது. பாப்பா அதைத் துண்டோடு சுருட்டிக் கூண்டுக்குள் இறக்கினாள். தூக்கம் கலைந்தபோது கதவு மூடியிருந்தது. அது பாப்பாவைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் மரியாதை இல்லை.

கூண்டுகளை ஏற்றி முடிப்பதற்குள் அம்மா மூச்சிரைக்க இறங்கி வந்தாள், கையில் எவர்சில்வர் டப்பா.

"வாங்க மாப்பிள்ளை. வாசலோட போறீங்களே. ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு..."

"நேரமாச்சு அத்தை."

"அப்போ கையில கொண்டு போங்க. பாப்பா, நீ முன்னால ஏறு. பின்னால நாத்தம் அடிக்கும்."

பாப்பா ஏறினாள். பின்னால் உண்மையிலேயே நாற்றம் அடித்தது.

அண்ணி வேன் ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நீ எங்கே போனாலும் சரி, எப்போ வந்தாலும் சரி. ஹால்ல உன் மெத்தையை நான் சுருட்டி வெக்கமாட்டேன். அத்தை வெச்சா, திரும்ப விரிச்சிடுவேன்."

*

மீன் டப்பா முன்னால். பூனைகள் பின்னால். வழி முழுக்க ஒப்பாரி.

"வீடு எப்படியிருக்கு?" என்று பாப்பாதான் கேட்டாள். மௌனத்தைவிடப் பேச்சு சுலபமாக இருந்தது.

"இருக்கு. புது ஆள் போட்டிருக்கேன் இஸ்திரிக்கு. நல்லாப் பண்றான்."

"அப்போ இதை ரெண்டு மாசம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார். ஒரு திருப்பத்தில் வண்டியை ஒடித்துவிட்டு, "தப்புதான். சொல்லணும்னு பல தடவை போனை எடுத்தேன்" என்றார்.

"என்கிட்ட சொல்றது இருக்கட்டும். முதலாளிகிட்ட போய்ச் சொன்னீங்களா? அவளுக்காக நான் பேசினது தப்பு, அவளா வந்து சொன்னாத்தான் வேலையை விட்ட மாதிரின்னு?"

"அது... இல்லை. அதுக்கு வேற ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்."

"என்ன?"

பின்னால் மேனேஜர் கூண்டோடு கவிழ்ந்த சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தி, இறங்கி, நிமிர்த்தி வைத்துவிட்டு ஏறியபோது பேச்சு விட்ட இடம் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் உச்சிக்கு முன்னாலேயே கூண்டுகள் வரிசையில் ஏறிவிட்டன. டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "ஹோட்டல் துண்டா? என் வீட்டுல இப்படித் துண்டு கிடையாது."

"ஆபரேஷன் ஆனதுக்கு என்ன அடையாளம் டாக்டர்?" என்று லாண்டரிக்காரர் கேட்டார்.

"இடது காது நுனியைத் துளி வெட்டிவிடுவோம். மயக்கத்துலேயே. அப்புறம் யார் பிடிச்சாலும் காதைப் பாத்துட்டு விட்டுடுவாங்க. இன்னொரு தடவை கத்தி படாது."

"ஒரே தடவை போதும்ல" என்றார் அவர், யோசனையாக.

வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். மத்தியானம் நகர்ந்தது. காலையிலிருந்து ஒரு காப்பிதான் பாப்பாவின் வயிற்றில். கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் மேலிருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கோபம் வேறு, பசி வேறு. திறந்தாள். நடுத்துண்டு ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள். இரண்டாவதையும் எடுத்தாள்.

லாண்டரிக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் டப்பாவை மூடியிருப்பாள். பத்து வருடக் குடித்தனத்தில் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தார்.

*

சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, ராத்திரி பூனைங்களை வெக்கலாம்னு இருந்தோமே, அந்தக் கீழ ஸ்டோர் ரூம் சாவியைச் செயலாளர் தரமாட்டேங்கறார். ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம். உங்க அண்ணன் பேசிப் பாத்தாச்சு, நானும் பேசியாச்சு."

ஆபரேஷன் முடிந்த பூனைகள் ஒரு ராத்திரியாவது சூடான, ஈரமில்லாத, மூடிய அறையில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும். டாக்டரம்மா அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா வீட்டு ஹாலில் பாப்பாவுக்கே இடம் பத்தாது. திறந்த முற்றத்தில் விட்டால் எத்தனை பிழைக்குமோ. ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. நாளைக்கு வேறு தெருப் பூனைகள் வருகின்றன.

எல்லாவற்றையும் லாண்டரிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இஸ்திரி ரூம் இருக்கு. ராத்திரியிலும் கதகதப்பா இருக்கும்." நிறுத்தினார். "அங்க வெச்சுக்கலாமா? நீதான் சொல்லணும்."

நீதான் சொல்லணும். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பதற்குத்தான் அவள் இரண்டு மாதம் ஹாலில் படுத்திருந்தாள். இப்போது கேட்டுவிட்டாள். ஆனால் வாசற்படியில் கால் வைத்த மறுநிமிடம், பாப்பா திரும்பிப் போய்விட்டாள் என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாள். சொன்னது சொன்னதாகிவிடும். அப்புறம் அதை யாராலும் மாற்ற முடியாது.

கூண்டுக்குள் மூக்குத்தி நாக்கு நுனி வெளியே தெரிய மயங்கிக் கிடந்தது. இடது காதில் ஒரு சின்ன நேர்க்கோடு.

"ஒரு ராத்திரி" என்றாள் பாப்பா. "காலைல பூனைங்களோட நானும் கிளம்பிடுவேன். இதுக்குப் பேர் திரும்பி வந்தது இல்லை. அம்மா கேட்டா நீங்களும் அதையேதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"முதல்ல இதுங்களை ஏத்துங்க. குளிருது."

*

லாண்டரி வாசலில் வேன் நின்றது. லாண்டரிக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கித் தயங்கினார். பிறகு முழுதாகத் தூக்கி விளக்கைப் போட்டார்.

துணி வாங்குகிற நீளமான மேஜை பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதியில் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்கள் வரிசையாக. முகம் பார்க்க ஒரு நிலைக்கண்ணாடி, உட்கார ஒரு சுழலும் நாற்காலி. அதற்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல், லென்ஸ் அரைக்கும் மிஷின்.

"உனக்குத்தான்" என்றார் லாண்டரிக்காரர். "சொந்தக் கடை. இனிமே எந்த முதலாளியும் உனக்குக் கிடையாது. போன வாரம்தான் எல்லாம் வந்து இறங்கினது. பிடிச்சிருக்கா?"

பாப்பா கூண்டைக் கீழே வைத்துவிட்டு மிஷின் பக்கம் போனாள். உறையைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல மிஷின். அவளே வாங்கியிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பாள். சொந்தமாக ஒரு கடை என்று ஒரு காலத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தவள்தான். யாரிடமும் சொன்னதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். முழங்கை சுவரில் இடித்தது.

பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம். மிஷினை இடப்பக்கச் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். வலது கைக்காரர் உட்கார்ந்தால் வாட்டமாக இருக்கும்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"யாரு உக்கார்றதுக்கு வாங்கினீங்க இதை?" என்றாள்.

லாண்டரிக்காரர் மிஷினைப் பார்த்தார். அவள் முழங்கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் நிறம் மாறியது.

"நகர்த்திடலாம்" என்றார்.

"நகர்த்தலாம்" என்றாள் பாப்பா. அதில் கோபம் இல்லை. சம்மதமும் இல்லை.

கூண்டுகளை ஒவ்வொன்றாக இஸ்திரி அறைக்குள் கொண்டுபோய் அடுக்கினாள். போர்வைகளை இழுத்துவிட்டாள். மேனேஜர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, நிலவரம் சரியில்லை என்று மறுபடி மூடிக்கொண்டது. முன்பக்கம் எதையோ இழுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தாள். லாண்டரிக்காரர் தனியாக மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அவர் ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். கஞ்சிச் சட்டையில் பூனை மயிரும் கறுப்பு மசகும்.

பாப்பாவின் போன் அடித்தது. அம்மா.

"போய்ச் சேந்தாச்சாடி?" குரலில் பூரிப்பு. யார் சொன்னார்களோ, அதற்குள் செய்தி போயிருக்கிறது.

"பூனைங்க எல்லாம் பத்திரமா வந்து சேந்துடுச்சும்மா."

"பூனை கிடக்கட்டும். நீ? அங்கேயே இருந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டியா இல்லியா?"

இஸ்திரி அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, எதிரே குனிந்திருக்கும் முதுகைப் பார்த்தபடியே பாப்பா பதில் சொன்னாள். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"அதைக் கேக்க வேண்டியவர் இன்னும் என்னைக் கேக்கலைம்மா."

போனை வைத்தாள்.

ஸ்பானர் சுற்றுவது நின்றது.